மூணு கோடியும் மிளகுக் கொடியும்

கோடிகளைக் கொட்டி வாங்கிய ஆட்டக்காரர் சொதப்பினால் கழற்றிவிடலாமா? பி.காம். படித்த பாவத்துக்கு என்னிடம் கேட்கிறார்கள்!

கொடுத்த பணம் போயாச்சு சார், மறந்துடுங்க. அடுத்த வருஷம் அதே பணத்துக்கு இவரைவிட உருப்படியான ஆள் கிடைப்பாரா? அதுதான் கேள்வி. 2023-ல் சென்னை சூப்பர் கிங்ஸில் பென் ஸ்டோக்ஸின் விலை 16.25 கோடி. ஆடியது 2 மேட்ச், எடுத்தது 15 ரன். சீஸன் முடிந்ததும் விடுவித்தார்கள். சரியான கணக்கு!

ஆனால், நம்ம சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன்? 2017-ல் 3 கோடிக்கு எடுத்த பஞ்சாப், 2 விக்கெட்டோடு விட்டுவிட்டது. மறுவருஷம் 40 லட்சத்துக்கு வாங்கிய ஹைதராபாத் பொறுமையாகக் காத்திருந்தது. 2020-ல் 16 விக்கெட். அதே வருஷம் இந்திய அணி!

வத்தல்மலை விவசாயி ஒருவர் என்னிடம் சொன்னார்: "மிளகுக் கொடி காய்க்க மூணு வருஷமாகும். நட்ட வருஷமே பிடுங்கினா நஷ்டம். பட்டுப்போனதைக் கட்டி அழுதாலும் நஷ்டம்."

அதனால், கொடியைப் பார்த்து வெட்டுங்க. விலையைப் பார்த்து வெட்டாதீங்க!