48 மணி நேரத்துக்குப் பிறகு வரும் நிமோனியா

மடத்துக்குளம் வழியே போகும் கோவை–திண்டுக்கல் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால், 108 முதலில் உடுமலைக்குப் போகும். நிலைமை மோசமென்றால் திருப்பூருக்கோ கோவைக்கோ அனுப்புவார்கள். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்ற ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

அதே 48 மணி நேரம் ஐ.சி.யூ.வில் இன்னொரு கணக்குக்கும் எல்லைக்கோடு. வரும்போது இல்லாமல், சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு பிடிக்கும் நுரையீரல் தொற்றைத்தான் ‘மருத்துவமனை நிமோனியா’ என்கிறார்கள். “நல்லாத்தான் இருந்தாருங்க, திடீர்னு சளி கட்டிருச்சுங்கறாங்க” என்று ஐ.சி.யூ. வாசலில் உறவினர்கள் கலங்குவது பெரும்பாலும் இதை நினைத்துத்தான். ஆனால் அது திடீரென்று வருவதில்லை. யாருக்கு வர வாய்ப்பு அதிகம் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

வென்டிலேட்டருக்காகத் தொண்டைக்குள் குழாய் இறக்கும்போது, அது அசையாமலும் காற்று கசியாமலும் இருக்க, அதன் நுனிக்கு அருகே உள்ள சிறு பலூனை ஊதிவிடுவார்கள். நோயாளியால் இருமவும் முடியாது, விழுங்கவும் முடியாது. வாயில் ஊறும் எச்சில் அந்தப் பலூனுக்கு மேலே தேங்கி, அதன் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக நுரையீரலுக்கு இறங்கும். ஓரிரு நாளிலேயே வாயில் மருத்துவமனைக் கிருமிகள் குடியேறிவிடுகின்றன. நம் ஐ.சி.யூ.க்களில் டாக்டர்கள் அதிகம் அஞ்சும் அசினிட்டோபாக்டர், கிளெப்சியெல்லா போன்றவை பல மருந்துகளுக்கும் மசியாதவை.

கனடாவில் நடந்து 1998-ல் வெளியான ஓர் ஆய்வு இந்த ஆபத்தை நாள்வாரியாகக் கணக்கிட்டது. வென்டிலேட்டரில் முதல் 5 நாட்களில் நாளொன்றுக்கு 100 பேரில் சுமார் 3 பேருக்கு நிமோனியா வந்தது. அடுத்த 5 நாட்களில் அது 2 ஆகவும், அதன்பின் 1 ஆகவும் குறைந்தது. அதாவது, கவனம் அதிகம் தேவைப்படுவது முதல் வாரத்தில்.

இதோடு ஆளுக்கு ஆள் மாறும் காரணங்களும் சேரும். வயது, தலைக்காயத்தால் நினைவில்லாமை, வயிறு அல்லது நெஞ்சில் அறுவைச் சிகிச்சை, எடுத்த குழாயை மறுபடி போட நேர்வது, பல வருட பீடிப் பழக்கம், பழைய இளைப்பு. பஞ்சாலையில் தூசியைச் சுவாசித்தே காலம் கழித்தவரின் நுரையீரல் ஏற்கெனவே தளர்ந்திருக்கலாம்.

இவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு ஆபத்தைக் கணிக்கும் முயற்சிகள் உலகெங்கும் நடக்கின்றன. அவற்றில் பல, அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் ஐ.சி.யூ. பதிவுகளை வைத்து உருவானவை. அந்தக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தும் என்று நான் நம்பவில்லை. வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தைக் குடித்தவர்கள் நம் ஐ.சி.யூ.க்களுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆர்கனோபாஸ்பேட் விஷம் எச்சிலையும் சளியையும் பெருக்கெடுக்க வைக்கும், மூச்சுத் தசைகளைத் தளர்த்தும், நாள்கணக்கில் வென்டிலேட்டரில் வைத்துவிடும். இப்படிப்பட்டவர்களைக் கணக்கில் கொண்ட கணிப்பு முறை நம் மருத்துவமனைகளின் பதிவுகளிலிருந்தே வர வேண்டும்.

கணிப்பு எதற்கு, எல்லோருக்கும் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டுவிடலாமே என்று தோன்றலாம். அது தவறு. அமெரிக்காவில் 28 மருத்துவமனைகளில், ஆபத்து அதிகமுள்ள 4,613 ஐ.சி.யூ. நோயாளிகளைக் கண்காணித்தார்கள். அவர்களில் 32 சதவீதம் பேருக்கு நிமோனியாவாக இருக்கலாம் என்று சிகிச்சை தரப்பட்டது. ஆய்வின் இலக்கணப்படி நிமோனியா இருந்ததோ 12 சதவீதம் பேருக்குத்தான். தேவையில்லாமல் போடும் ஒவ்வொரு மருந்தும் அடுத்த கிருமியை வலுவாக்கும். எந்தக் கட்டிலுக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்று காட்டுவதே கணிப்பின் வேலை.

அந்தக் கவனம் பெரும்பாலும் செலவில்லாதது. பார்சிலோனாவில் 86 பேரிடம் நடந்து 1999-ல் வெளியான ஆய்வில், மல்லாந்து படுத்திருந்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு நிமோனியா சந்தேகம் எழுந்தது. தலைமாட்டை 45 டிகிரி உயர்த்திப் படுத்தவர்களில் 8 சதவீதம்தான். சிறிய ஆய்வுதான், ஆனால் வழி காட்டியது. தினமும் பிரஷ்ஷால் பல் துலக்கிவிடுவது மருத்துவமனை நிமோனியாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று, 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2023-ல் சொன்னார்கள். இதற்கெல்லாம் வேண்டியது போதுமான நர்ஸுகள். அவர்களைக் குறைத்துவிட்டு கம்ப்யூட்டர் வாங்கிப் பயனில்லை.

உங்கள் வீட்டில் ஒருவர் ஐ.சி.யூ.வில் இருந்தால், அவருடைய பீடிப் பழக்கம், இளைப்பு, பார்த்த வேலை, கடந்த 3 மாதங்களில் போட்ட ஊசி, மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தின்ற ஆன்டிபயாடிக், பல்செட் எல்லாவற்றையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தலைமாட்டை நீங்களாக உயர்த்த வேண்டாம், கழுத்திலோ முதுகெலும்பிலோ அடிபட்டிருக்கலாம். “தலைமாடு உயர்த்தலாமுங்களா? இன்னைக்குப் பல் துலக்கி விட்டாச்சுங்களா?” என்று நர்ஸிடம் தயங்காமல் கேளுங்கள். உள்ளே போகும் முன் கையைக் கழுவுங்கள்.