கைப்பேசிக் கணக்கில் பிழை நேர்ந்தால்

நம் சங்க அங்கத்தினர்கள் தமது பாஸ் புத்தகத்தில் ஐந்து ரூபாய் கூடுதலாகப் பற்று எழுதப்பட்டிருந்தாலும் காரியதரிசியை நிறுத்திக் கணக்குக் கேட்பர். அவ்வாறு கேட்பதே முறை. ஆனால் அவர்களே தமது கைப்பேசிக் கணக்கில் காரணமின்றிப் பணம் குறையும்போது, வாளாவிருந்து விடுகின்றனர்.

அண்மையில் தணிக்கையின் பொருட்டுத் திண்டிவனம் சென்றிருந்தோம். மணிலா பயிரிடும் அங்கத்தினர் ஒருவர், தாம் கேளாத ஒரு பாட்டுச் சேவைக்காகத் தம் இருப்புத் தொகை அடிக்கடி பிடிக்கப்பட்டதாகக் கூறினார். விற்பனைக் கூடத்தில் விலை விசாரிக்க முற்பட்ட நாளில் அவரால் பேச இயலவில்லை. விழுப்புரத்தில் நெசவாளர் ஒருவர், வழக்கத்தைப் போல் மும்மடங்கு வந்த பில்லை, இணைப்புத் துண்டிக்கப்படுமோ என்றஞ்சிக் கூலிப் பணத்திலிருந்து கட்டியிருந்தார். இருவரும் புகார் செய்யவில்லை. "எழுதினால் என்ன ஆகப்போகிறது?" என்பதே அவர்கள் விடை. அது சரியன்று என்பதை விளக்கவே இதனை எழுதுகிறோம்.

முதலாவது, கணக்கைப் பெறுக. 2012ஆம் ஆண்டு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிகளின்படி, முன்பணம் செலுத்துவோரும் கடந்த 6 மாதங்களுக்கு உட்பட்ட செலவு விவரத்தைக் கேட்டுப் பெறலாம். அதற்கான கட்டணம் 50 ரூபாய்க்கு மேற்படலாகாது. பணம் பிடித்ததாக வந்த குறுஞ்செய்திகளை அழித்துவிடலாகாது. அவையே நமக்கு ரசீது.

இரண்டாவது, கேளாத சேவையை நிறுத்துக. 2013ஆம் ஆண்டு ஆணைப்படி, இத்தகைய சேவைக்கு வாடிக்கையாளரின் சம்மதத்தை இருமுறை பெறுதல் வேண்டும். 155223 என்னும் எண்ணுக்கு 'ஸ்டாப்' என்ற ஆங்கிலச் சொல்லைக் குறுஞ்செய்தியாக அனுப்பிச் சேவையை நிறுத்தலாம்.

மூன்றாவது, நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்க. பெரும்பாலான நிறுவனங்களுக்கு அவ்வெண் 198 ஆகும். பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டுத் தேதியுடன் குறித்துக் கொள்க. எண் இல்லாத புகார், ரசீது இல்லாத வரவு போன்றது. அங்கு நியாயம் கிடையாவிடில், 30 நாட்களுக்குள் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு விண்ணப்பிக்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை. ஒழுங்குமுறை ஆணையம் தனிநபர் புகார்களை நேரே விசாரிப்பதில்லை என்பதையும் அறிக.

நான்காவது, நுகர்வோர் ஆணையம். அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருவருக்கு மாதந்தோறும் சராசரியாக 555 ரூபாய் பில் வந்துகொண்டிருந்தது. 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரையிலான காலத்திற்கு மட்டும் 24,609 ரூபாய் 51 காசு கேட்கப்பட்டது. அவர் மாவட்ட நுகர்வோர் மன்றத்தை அணுகினார். அப்போது நடைமுறையிலிருந்த 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தைக் காட்டி, மன்றத்திற்கு அதிகாரமில்லை என வோடபோன் ஐடியா நிறுவனம் வாதிட்டது. 2022 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்து, நுகர்வோர் மன்றம் இத்தகைய வழக்கை விசாரிக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. பில் சரியா, தவறா என்பதை அத்தீர்ப்பு முடிவு செய்யவில்லை. கேட்கும் வாயில் திறந்தே உள்ளது என்பதை உறுதிப்படுத்தியது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தொலைத்தொடர்பையும் சேவையென வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். ஆகவே நம்மவர்க்கு விழுப்புரத்திலுள்ள மாவட்ட ஆணையமே போதும். தொலைவிலுள்ள தலைமை அலுவலகத்தைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சத்திற்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. இரண்டாண்டுகளுக்குள் தொடர்தல் வேண்டும். வழி தெரியாதோர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கை: "பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்று எவரேனும் தாமே அழைத்து இரகசிய எண் கேட்டால் சொல்லற்க. சிறு தொகையை மீட்கப் போய்ச் சேமிப்பையே இழந்தவர்கள் உளர்.

எழுதப் படிக்க இயலாத அங்கத்தினருக்குச் சங்கக் காரியதரிசிகள் புகாரை எழுதிக் கொடுத்து உதவுதல் வேண்டும். ஒருவருக்கு நேர்ந்த நஷ்டத்தைப் பலர் கூடிக் களைவதற்கே நாம் சங்கமாக இணைந்துள்ளோம். தறியிலும் வயலிலும் உழைத்து ஈட்டிய பொருளுக்குக் கணக்குக் கேட்பது நம் உரிமை, தவறாது கேட்போமாக.