மலைத்தோட்டங்களுக்கு அருகில் ஒரு செவிப்புலன் சேவை

காது கேளாமை வலி தருவதில்லை, வெளியே தெரிவதுமில்லை. ஆதலால் அது பெரியவர்களிடம் முதுமையின் இயல்பென்றும் பிள்ளைகளிடம் மந்தமென்றும் தவறாகக் கொள்ளப்பட்டு, ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்துவிடுகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பின்படி 43 கோடிக்கும் அதிகமானோருக்குச் செவிப்புலன் மறுவாழ்வுச் சேவை தேவைப்படுகிறது. பசறை, லுணுகலை, நமுனுகுலைத் தோட்ட மக்களுக்கு அச்சேவை பயன்பட வேண்டுமாயின், அது அண்மையிலும் தமிழிலும் தொடர்ச்சியாகவும் கிடைப்பது அவசியமாகும்.

காது நோய்களை மருந்தாலும் சத்திரசிகிச்சையாலும் குணப்படுத்துபவர் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர். கேட்கும் திறனை அளந்து, கருவி பொருத்தி, கேட்கப் பழக்குபவர் ஒடியோலஜிஸ்ட் எனப்படும் செவிப்புலன் நிபுணர். அவர் 250 முதல் 8,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளை ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்து, நோயாளிக்குக் கேட்கும் மிகக் குறைந்த அளவை டெசிபலில் குறித்து, வலது காதுக்குச் சிவப்பு வட்டமும் இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறியும் இட்டு வரைபடமாக்குகிறார். தொழிற்சாலை இயந்திரங்களின் பேரிரைச்சலில் பல்லாண்டு வேலை செய்தவரின் வரைபடம் பெரும்பாலும் 4,000 ஹேர்ட்ஸ் அருகே பள்ளமாக இறங்கும். அத்தகையோருக்கு உயிரெழுத்துகள் தெளிவாகவும் சில மெய்யொலிகள் மங்கலாகவும் கேட்பதால், ‘காசு’ எது, ‘காது’ எது என்பது விளங்குவதில்லை. “சத்தம் கேட்குது, பேச்சு விளங்கல்ல” என்பதே அவர்களது முறைப்பாடாக இருக்கும்.

இக்குறையை அறியச் சொற்களைக் கூறித் திருப்பிச் சொல்லவைக்கும் சோதனை தேவைப்படுகிறது. நோயாளி அன்றாடம் பேசும் மொழியில் அது அமையாவிட்டால், காதின் குறை எது, மொழி புரியாமை எது எனப் பிரித்தறிய முடியாது.

கருவி பொருத்துவதோடு பணி முடிவதுமில்லை. பிள்ளை வளர வளரக் காதில் பொருந்தும் அச்சை மாற்ற வேண்டும்; மலைநாட்டு ஈரலிப்பு கருவியைப் பழுதாக்கலாம் என்பதால் அதை உலர்த்திப் பேணக் கற்பிக்க வேண்டும்; பற்றரி தீர்ந்தால் புதிது கிடைக்க வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் நாட்கூலியை இழந்து தொலைதூரம் பயணிக்க நேர்ந்தால், கருவி பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும்.

சிசுக்களின் நிலை இன்னும் அவசரமானது. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகளவில் ஏற்கப்பட்ட நெறியாகும். ஏனெனில் முதல் ஆண்டுகளில் கேளாத பிள்ளைக்குப் பேச்சும் தாமதமாகிறது. வீடு தேடிச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர் சந்தேகத்துக்குரிய சிசுவை இனங்கண்டு அனுப்புவதும், தமிழறிந்த செவிப்புலன் நிபுணர் பிரதேச வைத்தியசாலையில் குறித்த நாளில் கிளினிக் நடத்துவதும் ஒன்றிணையும்போதே இந்நெறி லயத்து வாசலை எட்டும்.