தராசில் 3 கிலோ, சட்டியில் 2 கிலோ

ஒரு தீபாவளிக்கு முதல் நாள். ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று கடைத்தெருவில் 3 கிலோ கோழி வாங்கி வந்தேன். உயிர் எடைக்குத்தான் விலை. வீட்டில் ஏதோ சந்தேகத்தில் கறியை நிறுத்துப் பார்த்தால் 2 கிலோகூட இல்லை! குடையை எடுத்துக்கொண்டு திரும்பவும் ஓடினேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கடைக்காரரை நாலு பேர் முன்னால் திட்டித் தீர்த்துவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "தீதி, கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே இன்னொரு கோழியை நிறுத்தார், அறுத்தார், உரித்தார். பிறகு இறகு, தோல், தலை, கால், குடல் எல்லாவற்றையும் தராசில் வைத்துக் காட்டினார். மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போயிருந்தது! தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். ஏமாற்றியது கடைக்காரர் அல்ல, கணக்குத் தெரியாத என் அறியாமை.

அன்று கற்ற கணக்கைத்தான் நம் சங்கத்துச் சகோதரிகளுக்குச் சொல்ல நினைக்கிறேன். கோழிக்கு ஒரே கடையில் இரண்டு விலை இருக்கும். ஒன்று உயிர் எடை விலை, மற்றொன்று உரித்த கறியின் விலை. எது மலிவு என்று அறிய, உயிர் எடை விலையோடு அதில் பாதியைக் கூட்டுங்கள். அதுதான் சட்டியில் விழும் கறியின் கிலோ விலை. எடுத்துக்காட்டாக, உயிர் எடை கிலோ 220 ரூபாய் என்றால், பாதியான 110-ஐக் கூட்ட 330 ஆகிறது. உரித்த கறியை 380-க்கு விற்றால் முழுக்கோழியே லாபம். 320-க்குக் கிடைத்தால் உரித்த கறியை வாங்கலாம். வாரம் ஒரு 2 கிலோ கோழி வாங்கும் வீட்டில், கிலோவுக்கு 50 ரூபாய் வித்தியாசம் என்றால் மாதம் சுமார் 260 ரூபாய் மிச்சம்.

முழுக்கோழி வாங்கினால் ஈரல், இரைப்பை, கழுத்து எல்லாம் கேட்டு வாங்குங்கள். அவற்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறோம். சின்னக் கோழியைவிட 2 கிலோவுக்கு மேற்பட்ட கோழியில் எலும்பின் பங்கு குறைவு, சதை அதிகம். சிறிய குடும்பமாக இருந்தால் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒன்றை வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு எல்லா ஊருக்கும் பொருந்தும். ஆனால் நம் தீவுகளில் இது இன்னும் முக்கியம். பிராய்லர் கோழி 1 கிலோ எடை போட ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ தீவனம் தின்கிறது. வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. அந்த மக்காச்சோளமும் சோயாவும் மெயின்லேண்டிலிருந்து கடல் கடந்து வரவேண்டும். சென்னையிலிருந்து கப்பல் வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகிறது. புயல் மழைக் காலத்தில் கப்பல் தாமதமானால் கோழி விலை மட்டுமல்ல, உருளைக்கிழங்கு, வெங்காய விலையும் ஏறிவிடுகிறது. 2024-இல் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது; நம் சமையலறை கப்பலை எதிர்பார்ப்பது மட்டும் மாறவில்லை.

ஆகவே கோழிக்குழம்பைப் பெருக்குவதற்கு உருளைக்கிழங்கையே நம்பி இருக்காதீர்கள். இங்கே விளையும் பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, வாழைக்காய், முருங்கைக்காய் எல்லாமே கோழிக்கறியோடு நன்றாகச் சேரும். குழம்பு கெட்டியாக இருக்க நம்மூர்த் தேங்காய் இருக்கவே இருக்கிறது. பலாக்கொட்டையை முதலில் அரை வேக்காடு வேகவைத்துப் பிறகு கறியோடு சேர்த்தால் மசாலா நன்றாக ஊறும்.

எங்கள் வீட்டில் நாங்கள் 4 பேர். ஒரு 2 கிலோ கோழியில் சுமார் 1,300 கிராம் கறி கிடைக்கிறது. தொடையும் முதுகும் முதல் நாள் குழம்புக்கு. நெஞ்சுக்கறியைச் சிறு துண்டுகளாக்கி, மறுநாள் மிளகு போட்டு வறுவல். கழுத்து, இறக்கை நுனி, நெஞ்செலும்பு மூன்றையும் இஞ்சி, பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப் போட்டுக் குக்கரில் வேகவைத்தால் இரவு ரசத்துக்கு ஆயிற்று. மழை நாளில் சளி பிடித்த பிள்ளைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஈரலும் இரைப்பையும் சின்ன வெங்காயத்தோடு வதக்கினால் காலைத் தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

மிச்சம் பிடித்ததைக் கெடுத்துவிட்டால் எல்லாம் வீண். கடைத்தெருவில் மற்ற சாமான்களை வாங்கிவிட்டுக் கடைசியில் கறி வாங்குங்கள். பச்சைக்கறியை ஃபிரிட்ஜில் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். மேலும் வைக்க வேண்டுமானால், ஒவ்வொரு வேளைக்கும் தேவையானதைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி ஃப்ரீஸரில் வையுங்கள். ஒருமுறை முழுக்க உருகிய கறியை மறுபடி உறைய வைக்காமல் சமைத்துவிடுங்கள். கரண்ட் போனால் ஃப்ரீஸர் கதவைத் திறந்து திறந்து பார்க்கக்கூடாது. நிறைந்திருக்கும் ஃப்ரீஸர் மூடியபடியே இருந்தால் இரண்டு நாள் வரை குளிர் தாங்கும். பாதி நிறைந்திருந்தால் ஒரு நாள்தான்.

கொல்லைப்புறம் உள்ளவர்கள் நிக்கோபாரிக் கோழி வளர்த்துப் பார்க்கலாம். குட்டைக் காலும் உருண்ட உடலும் கொண்ட இந்தத் தீவுக் கோழி, நம் நாட்டுக்கோழி இனங்களில் நன்றாக முட்டையிடும் இனம் என்று பெயர் பெற்றது. நொய்யும் தேங்காய்ச் சக்கையும் தின்று, மேய்ந்து வளரும். கராச்சர்மாவில் உள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைப் பேணி ஆராய்ந்து வருகிறது. கறிக்குக் கடையை நம்பினாலும் முட்டைக்காவது கப்பலை எதிர்பார்க்க வேண்டாம் அல்லவா?

அந்தக் கடைக்காரரிடம்தான் இன்றும் வாங்குகிறேன். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே தராசை என் பக்கம் திருப்பி வைப்பார். நானும் சிரித்துக்கொண்டே மனதுக்குள் பாதியைக் கூட்டிக்கொள்வேன்.