நீரின் நீர்மை

நீர்மை என்பது தமிழில் இரு பொருளும் ஒருங்கு தாங்கி நிற்கும் சொல். நீர்போல் ஒழுகுந் தன்மையும் நீர்மை. ஒரு பொருளுக்கு இயற்கையாய் அமைந்த குணமும் நீர்மை. நல்லியல்பு உடையாரை நீர்மையுடையார் என்பது பழைய வழக்கு. குணத்தைக் குறிக்க வந்த சொல் நெருப்பையோ நிலத்தையோ சாராது நீரைச் சார்ந்து நிற்பதேன் என்பது சொல்லாராய்ச்சியார்க்குரிய வினா. அதனை அவர்க்கே விடுத்து, நீருக்குரிய நீர்மை யாது என்பதை மட்டும் இங்கு ஆராய்வாம்.

பண்டிதருக்கு இரசாயனம் எதற்கு என்று வினவுவாரும் உளர். மானிப்பாயில் இருந்து தமிழ் மாணாக்கர்க்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்த வைத்தியர் கிறீன் (1822 - 1884) காலத்திலேயே இரசாயன நூலொன்று தமிழாக்கப்பெற்று, ‘கெமிஸ்தம்’ என்னும் பெயருடன் 1875 ஆம் ஆண்டில் வெளிவந்துவிட்டது. ஆகவே இரசாயனத்தைத் தமிழிற் பேசுதல் நமக்கு நேற்று வந்த புதுமையன்று. எங்கள் கல்லூரிக்கு அயலில் இரசாயனம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் உளர். மாலை வேளைகளில் அவரோடு அளவளாவியதனாற் பெற்ற தெளிவே இக்கட்டுரைக்கு அடிப்படை.

நம் முன்னோர் நீரை ஐம்பூதங்களுள் ஒன்றாக வைத்தனர். மேனாட்டாரும் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை அதனைப் பகுக்கவொண்ணாத மூலகமென்றே கருதினர். எரியும் வாயுவொன்றைக் காற்றில் எரித்தால் நீர் பிறக்கின்றதென்பதைக் கவெண்டிசு என்னும் ஆங்கில அறிஞர் 1784 இல் வெளியிட்டார். அவ்வாயுவுக்குப் பிரெஞ்சு இரசாயனர் 1787 இல் இட்ட பெயரே ஐதரசன். ‘நீரைப் பிறப்பிப்பது’ என்பது அதன் பொருள். நீரகம் என்று எழுதுவார் தமிழிலும் உளர். இதனைக் காட்டி, பூதக்கொள்கை பொய்த்ததென்று எள்ளுவார் பூதமென்னும் சொல்லின் பொருளை அறியாதார். பூதம் என்றது பொறிகளால் அறியப்படும் குணங்களின் வகுப்பை. ஆய்கூடத்து மூலகத்தை அன்று. சுவை என்னும் தன்மாத்திரையினின்று நீர் தோன்றிற்றென்பது தத்துவ நூலார் கொள்கை. எப்பொருளாயினும் வாயூறும் நீரிற் கரைந்தாலன்றி நாவுக்குச் சுவை தாராது. கூழாங்கல்லை நாட்கணக்காய் வாயில் அடக்கினும் அதன் சுவையை யார் அறிவார்?

இனி நீரின் உருவைக் காண்போம். ஐதரசன் அணு இரண்டும் ஒட்சிசன் அணு ஒன்றும் சேர்ந்தது நீர் மூலக்கூறு என்பதைச் சிறுவரும் அறிவர். அம்மூன்றும் நிற்கும் கோலத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவை ஒரே நேர்கோட்டில் நிற்பின், நாம் அறிந்த நீர் உலகில் இராது. நடுவில் ஒட்சிசன் நிற்க, ஐதரசன் இரண்டும் 104.5 பாகைக் கோணத்தில் ஒரு புறமாய்ச் சாய்ந்து நிற்கின்றன. மடித்த கவராயம் போன்ற தோற்றம். பங்கிட்டுக்கொண்ட இலத்திரன்களை ஒட்சிசன் தன்பக்கமாய் இழுத்துக்கொள்வதால் அப்புறம் சிறிது மறை ஏற்றமும், ஐதரசன் நிற்கும் புறம் சிறிது நேர் ஏற்றமும் பெறுகின்றன. காந்தத்துக்கு இருமுனை இருத்தல்போல நீர் மூலக்கூற்றுக்கும் இருமுனை உண்டு. இதனை முனைவு என்று நம் பாடநூல்கள் வழங்குகின்றன. மிக நல்ல சொல்.

முனைவுடைய ஒன்று தன் இனத்தையே முதலில் நாடும். ஒரு மூலக்கூற்றின் ஐதரசன் அடுத்ததன் ஒட்சிசனைப் பற்றும். இப்பற்றே ஐதரசன் பிணைப்பு எனப்படுவது. மூலக்கூற்றின் உள்ளே அணுக்களைக் கட்டிய பிணைப்பின் வலிமையில் இஃது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே. அதுவும் ஒரு செக்கனின் இலட்சம் கோடியிற் சில பங்குக்கு மேல் நில்லாது அறுந்து வேறொன்றோடு கூடும். இத்துணை நொய்ய பற்று என்ன செய்யும் எனின், நீரின் உறவினனாகிய ஐதரசன் சல்பைட்டை நோக்குக. அழுகிய முட்டையின் நாற்றமுடைய வாயு அது. நீர் மூலக்கூறு பதினெட்டுப் பங்கு நிறை, இதுவோ முப்பத்துநான்கு. பாரமுள்ளதே தாழ்ந்து கிடத்தல் வேண்டுமன்றோ? ஆயினும் அது பூச்சியத்துக்குக் கீழே அறுபது பாகையிலேயே கொதித்து வாயுவாகிவிடுகின்றது; நீர் நூறு பாகைவரை பொறுத்திருக்கின்றது. அந்த நொய்ய பற்று இல்லையேல் கடலுமில்லை, கிணறுமில்லை, இதனை எழுதுவாரும் படிப்பாரும் இல்லை.

ஒரு கிராம் நீரை முப்பது பாகையிலிருந்து கொதிநிலைக்கு ஏற்ற எழுபது கலோரி வெப்பம் போதும். கொதிநிலையை அடைந்த அந்நீரை ஆவியாக்கவோ ஏறக்குறைய 540 கலோரி வேண்டும். பற்றையெல்லாம் அறுத்து வெளியேறுதற்குக் கொடுக்கும் விலை அது. மண்குடத்தின் புறத்தே கசியும் நீர் அவ்விலையைக் குடத்து நீரினிடமே வாங்குகின்றது. உள்ளிருப்பது தண்ணெனக் குளிர்கின்றது. பனிக்கட்டி நீரில் மிதப்பதும் இப்பற்றின் விளைவே. குளிர்நாட்டு ஏரி மீன்களுக்கு அது பெரிய செய்தி, நமக்கு அத்துணையன்று.

நீர் பிறபொருளோடு பழகும் முறையே நான் சொல்ல விரும்பியது. உப்புக்கட்டியில் சோடியம் நேர் ஏற்றத்தோடும் குளோரைட்டு மறை ஏற்றத்தோடும் ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்கின்றன. நீரில் இட்டவுடன் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன; சோடியத்துக்கு ஒட்சிசன் முனையையும் குளோரைட்டுக்கு ஐதரசன் முனையையும் காட்டி நிற்கின்றன. நீரின் நடுவே அவ்விரண்டுக்கும் இடையுள்ள ஈர்ப்பு ஏறக்குறைய எண்பதில் ஒரு பங்காய்க் குன்றிவிடுகின்றது. பிரிந்தவை நீர்ப்போர்வை போர்த்துத் தனித்தனி உலாவுகின்றன. கரைதல் என்பது மறைதலன்று. பனங்கட்டி கரைவது வேறொரு முறை. வெல்லத்தின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நீரைப் போன்ற ஒட்சிசன் ஐதரசன் கூட்டங்கள் எட்டு உள. நீர் அவற்றைத் தன் சுற்றமென்றே கருதிக் கைகோத்துக்கொள்கின்றது.

எண்ணெயை ஏன் ஏற்பதில்லை? இதற்கு நீர்வெறுப்பு என்று ஒரு கலைச்சொல் வழங்குகின்றது. இச்சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய் நீரை வெறுக்கவுமில்லை. நீர் எண்ணெயை வெறுக்கவுமில்லை. எண்ணெய் மூலக்கூற்றுக்கு முனைவின்மையால் அதனைச் சூழ நேர்ந்த நீர், கைகோக்க வழியின்றித் தம்முள்ளேயே ஒரு கட்டுப்பாட்டோடு ஒழுங்குபட்டு நிற்க வேண்டியதாகின்றது. எண்ணெய்த்துளிகள் ஒன்றோடொன்று சேரின் அவ்வாறு கட்டுண்டு நிற்கும் நீர் குறையும். ஆகவே நீர் தன் சுயேச்சையை நாடுகின்றது, எண்ணெய் ஒதுக்கப்படுகின்றது. வெறுப்பென்று பெயரிட்டவர் நீரின் இனப்பற்றைக் கவனித்திலர் போலும். நம் உடலில் உயிரணுவைச் சூழ்ந்த மென்சவ்வு அமைவதற்கும் புரதங்கள் தமக்குரிய வடிவில் மடிவதற்கும் இவ்வொதுக்கமே பெருங்காரணமாம். எண்ணெய் நீரோடு கலவாமையால் நாம் வாழ்கின்றோம்.

இனி நம் ஊர்க் கிணற்றுக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரிமழை செம்மண்ணூடு இறங்கிச் சுண்ணக்கல்லின் பொந்துகளில் தங்குவதே நமக்குள்ள நீர். நிலத்தின் இயல்பு நீரில் ஏறும் என்பதை வள்ளுவர் இனத்தின் சேர்க்கைக்கு உவமையாக்கினார். குடாநாட்டுக் கேத்தல்களின் அடியைப் பார்த்தவர்க்கு அவ்வுவமை நன்கு விளங்கும். சுண்ணக்கல்லில் ஏற்றங்கள் இரட்டையாதலின் பற்று மிக இறுக்கம். தூய நீர் லீற்றர் ஒன்றில் ஏறக்குறைய 14 மில்லிகிராம் அளவே கரைக்கும். மழைநீரோ வானிலிருந்தும், வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடும் மண்ணிலிருந்தும் காபனீரொட்சைட்டைப் பெற்று மெல்லிய அமிலமாகிக் கல்லை அரிக்கின்றது. கல்சியம் இருகாபனேற்று என்னும் வடிவில் அக்கல் நீரோடு வருகின்றது. கொதிக்க வைத்தால் வாயு நீங்க, கல் மீண்டும் கல்லாய் அடியிற் படிகின்றது. இதுவே வன்னீர். சவர்க்காரம் நுரையாது திரிவதும், வெளுத்த வேட்டி நாளடைவில் மங்குவதும் இக்கல்சியத்தின் செயலே.

வன்மையால் உடலுக்குப் பெருந்தீங்கில்லை. கல்லைக் கரைத்த அதே நீர்மை வேறு சிலவற்றையும் கரைத்து வருகின்றதே, அஃது அன்றோ கவலைக்குரியது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இடும் யூரியா, மண்ணின் நுண்ணுயிர்களால் முதலில் அமோனியமாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாறுகின்றது. களிமண் துணிக்கைகள் மறை ஏற்றமுடையன. நேர் ஏற்றமுடைய அமோனியத்தைப் பிடித்து வைக்கும். நைத்திரேற்று மறை ஏற்றமுடையதாகையால் மண் அதனைப் பிடியாது. நைத்திரேற்று உப்புக்கள் ஏறக்குறைய எல்லாம் நீரிற் கரைவன. ஆதலால் பயிர் உண்டு எஞ்சியது மழையோடும் இறைத்த நீரோடும் நேரே கிணற்றுக்கு இறங்குகின்றது. கிணற்றருகே வெட்டிய மலகூடக் குழியும் அதே பொருளை அனுப்புகின்றது.

உலக சுகாதார தாபனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. வலிகாமத்துத் தோட்டப்புறக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை கடந்திருப்பதை 1980 களிலிருந்து ஆராய்ச்சியாளர் எழுதி வந்துள்ளனர். புட்டிப்பால் உண்ணும் பச்சிளங் குழந்தைக்கே இதனால் முதல் ஆபத்து. வயிற்றில் நைத்திரேற்று நைத்திரைற்றாகி, குருதியின் இரும்பை மாற்றி, அதனை ஒட்சிசன் சுமக்கவொட்டாது செய்துவிடும். குழந்தையின் மேனி நீலம் பாரிக்கும். தாய்மாரோ, நீரைக் கொதிக்க வைத்தேனே என்று ஆறுதல் கொள்கின்றனர். கொதித்தல் கிருமியைக் கொல்லும். இருகாபனேற்றைக் கல்லாக்கி ஒதுக்கும். நைத்திரேற்றை ஒன்றுஞ் செய்யாது. ஆவியாய்ப் போவது நீரேயாதலால், நெடுநேரம் கொதிக்குந்தோறும் எஞ்சிய நீரில் நைத்திரேற்றின் செறிவு ஏறுகின்றது. துணியால் வடிப்பதாலும் பயனில்லை. நீர்ப்போர்வை போர்த்த அயன் துணியின் கண்ணூடு தாராளமாய்ச் செல்லும்.

சுன்னாகத்து அனல்மின் நிலையத்தின் எண்ணெய் அயற்கிணறுகளிற் சேர்ந்தது பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. நீர் ஏற்காது ஒதுக்கிய பொருள் எண்ணெய். ஆதலின் மேலே படர்ந்து மணத்தது, கண்ணிற்பட்டது, ஊர் திரண்டது. நைத்திரேற்றை நீர் முற்றும் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை, வழக்குமில்லை.

மற்றுமொன்று. நம் நன்னீர், கடலூறிய உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்நீரில் உப்புக் கரைந்திருப்பதால் அது நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. ஆகவே கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பதடி நிற்கும். மேலே ஓரடி இறைத்துவிடின் கீழே உவர் நாற்பதடி ஏற முயலும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருத்தலைக் கண்டவர் பலர். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதன் களைத்தான், கிணறு இளைப்பாறிற்று. இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

உவரை நாக்கு அறிந்துகொள்ளும். நைத்திரேற்றைச் சோதனைச்சாலைதான் அறிவிக்க வேண்டும். அதற்கும் ஒருமுறை சோதித்தல் போதாது. மாரிக்கு முன் உள்ள அளவு மாரிக்குப்பின் இராது. தோட்டத்துக்கு அயலிற் கிணறும் வீட்டில் கைக்குழந்தையும் உடையார் இருகாலும் சோதித்தல் வேண்டும். அளவு மிகுந்திருப்பின், குழந்தையின் பாலுக்கு மட்டுமேனும் குழாய்நீரோ மழைநீரோ வேறாக எடுத்து வைத்தல் நன்று. கூரையில் விழும் மழைநீர் சுண்ணக்கல்லையும் காணாதது, யூரியாவையும் காணாதது. முதல் மழையைக் கழித்துவிட்டு, அடுத்த மழையை மூடிய தொட்டியில் ஏந்தி, அந்நீரை மட்டும் கொதிக்க வைத்துக் கொடுக்கலாம்.