படிவத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்பவர்

செட்டிகுளத்தில் 'பதிவு' என்ற சொல் லேசான சொல் அல்ல. 2009இல் போரின் இறுதியில் வன்னியிலிருந்து வெளியேறிய சனத்தில் பெரும்பகுதி இந்தப் பிரதேசத்தின் மெனிக் பாம் முகாமுக்குள்தான் கொண்டுவரப்பட்டது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர் தாங்கிய வலயங்கள், சுற்றிவர முட்கம்பி. 2012 செப்டெம்பரில் கடைசிக் குடும்பங்கள் வெளியேறி முகாம் மூடப்பட்டது. அதற்குள்ளும் அதற்குப் பின்னும் அந்த மக்கள் தங்கள் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்கள்! இராணுவப் பதிவு, விசாரணை, நிவாரண அட்டை, மீள்குடியேற்றப் படிவம், ஆணைக்குழுக்கள். எங்கே இருந்தீர்கள், யார் செத்தது, கடைசியாக எங்கே கண்டீர்கள் என்று திரும்பத் திரும்ப அதே கேள்விகள்.

இப்படி வந்த ஒருவரிடம் "கவுன்சிலிங்குக்குப் போங்கோ" என்றால், "இன்னொருக்கா எல்லாத்தையும் சொல்லோணுமோ?" என்று அவர் கேட்பது நியாயம்தான். மனவடுவுக்கு உதவி தேடுவதைப் பற்றி எழுதுபவர்கள் தகைமை, கட்டணம், தூரம் என்றுதான் தொடங்குவார்கள். வன்னியில் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: கேட்க வந்திருப்பவர் யாருக்காகக் கேட்கிறார்?

முதலில் நோயைப் பற்றி. 'மனவடுவுக்குப் பின்னான நெருக்கீட்டு நோய்' என்று யாரும் வைத்தியரிடம் போய்ச் சொல்வதில்லை. தலையிடி, நெஞ்சு படபடப்பு, உடம்பு உளைவு, 'ஒரே யோசனை' என்றுதான் சொல்வார்கள். கலியாண வீட்டு வெடிச் சத்தத்துக்கு நிலத்தில் விழுந்து படுப்பவர், ஹெலி பறந்தால் பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுபவர், போர் முடிந்த மே மாதம் வந்தால் யாரோடும் பேசாமல் ஒதுங்குபவர், காரணமில்லாமல் சீறி விழுந்துவிட்டுப் பிறகு அழுபவர். கெட்ட கனவும் திடீரென்று கண்முன் வரும் காட்சியும் ஒரு பக்கம். நடந்ததை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது மறுபக்கம். எந்நேரமும் உசாராக இருந்து நித்திரை கெடுவது மூன்றாவது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வேலையையும் வீட்டையும் குலைத்தால் உதவி தேட வேண்டும்.

ஆனால் போரைக் கண்டவர் எல்லோருக்கும் இந்த நோய் என்று எண்ணுவதும் பிழை. 2009 யூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் யாழ் மாவட்டத்தில் எடுத்த ஆய்வொன்றில் இந்த நோயின் அறிகுறிகள் 7 சதவீதத்தினரிடம் காணப்பட்டன. மனச்சோர்வு 22 சதவீதம், பதகளிப்பு கிட்டத்தட்ட 33 சதவீதம். அப்போதும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களிடம் இந்த நோயின் எண்ணிக்கை 13 சதவீதமாக இருந்தது. ஆகவே நீங்கள் வாய் திறக்கும் முன்பே "உங்களுக்கு ட்ரோமா" என்று சொல்லும் ஆளிடம் கொஞ்சம் அவதானமாக இருங்கள். காணாமற்போன மகனுக்காகக் காத்திருக்கும் தாயின் துயரத்துக்குத் துறைக்காரர்கள் வேறொரு பெயர் வைத்திருக்கிறார்கள்: தெளிவற்ற இழப்பு. அங்கே 'ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று சொல்வது சிகிச்சை அல்ல, கொடுமை. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதையெல்லாம் ஆளாளுக்குரிய நோயாக மட்டும் பார்க்கக் கூடாது, ஊரே பட்ட காயமாக, கூட்டு மனவடுவாகப் பார்க்க வேண்டும் என்று நெடுங்காலமாக எழுதிவருகிறார்.

சரி, யாரிடம் போவது? நம்மூரில் 'தெரபிஸ்ட்' என்று பலகை போட்ட கதவு அநேகமாக இல்லை. உளமருத்துவர் வைத்தியப் பட்டம் பெற்றவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் பேச்சு வழியான சிகிச்சையில் பயின்றவர். தமிழில் பேசக்கூடிய மருத்துவ உளவியலாளர்கள் மிகக் குறைவு. உளவளத்துணையாளர் என்ற பெயருக்குள் பல வருடம் பயின்றவரும் இருப்பார், சில வாரப் பயிற்சிச் சான்றிதழோடு வந்தவரும் இருப்பார். அதனால்தான் பெயரைப் பார்ப்பதைவிட, என்ன பயிற்சி, யார் மேற்பார்வை செய்கிறார் என்று கேட்பது பயன். கேட்டால் கோபிக்கும் ஆளை விட்டுவிடலாம்.

நடைமுறையில் வழி வைத்தியசாலையில்தான் தொடங்குகிறது. செட்டிகுளம் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் சொன்னால் உளநல கிளினிக்குக்கோ வவுனியா பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலை, காசு இல்லை. பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணைக்கென்று உத்தியோகத்தர்கள் நியமிக்கப்படுகிறார்கள். ஊருக்குள் தெரிந்த முகமாக இருப்பதால் அங்கே போகக் கூச்சப்படுபவர்கள் உண்டு. அவர்கள் தொலைபேசியில் தொடங்கலாம். தேசிய உளநல நிறுவகத்தின் இலக்கம் 1926, இன்னொரு இலவச ஆலோசனை இலக்கம் 1333. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற நிலையம் 1980களின் பிற்பகுதியிலிருந்து இதே வேலையைச் செய்துவருகிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் மட்டும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்; எந்த நேரமானாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

'விசர் வைத்தியரிட்டப் போறான்' என்ற பேச்சுக்குப் பயந்து கோயிலில் நூல் கட்டுவதோடு நிற்பவர்களும் இருக்கிறார்கள். நூல் கட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அம்மன் முன்னால் அழுது தீர்த்து இலேசாகி வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். நூலும் கட்டலாம், கிளினிக்குக்கும் போகலாம். ஒன்றை விட்டால்தான் மற்றது என்று சொல்லும் பூசாரியும் சரியில்லை, வைத்தியரும் சரியில்லை.

உள்ளே போனால் என்ன நடக்கும்? மருந்து சிலருக்குத் தேவைப்படும். செர்ட்ரலீன் போன்ற குளிசைகள் வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும். நித்திரைக் குளிசையை மாதக்கணக்கில் விழுங்குவது வேறு கதை, அது மனவடுவை ஆற்றாது. பேச்சுச் சிகிச்சைகளில் நமக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன்: கதைசொல்லும் சிகிச்சை. நிலத்தில் ஒரு கயிற்றைப் போடுவார்கள். அது உங்கள் வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ, கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். பிறகு கதையைப் பிறந்ததிலிருந்து வரிசையாக, சில அமர்வுகளில், உங்கள் வேகத்தில் சொல்வீர்கள். காரணம் எளிது. ஷெல் விழுந்த கணத்தின் சத்தமும் மணமும் மனதில் சூட்டோடு கிடக்கின்றன. அது எந்த நாள், எந்த இடம், அது முடிந்துவிட்டது என்ற விபரம் மட்டும் அதோடு ஒட்டாமல் கிடக்கிறது. ஒழுங்காகச் சொல்லச் சொல்ல அந்தச் சூட்டில் நாளும் இடமும் ஒட்டிக்கொள்கின்றன.

வடக்கு கிழக்கில் ஆழிப்பேரலையும் போரும் தொட்ட 31 பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். பாதிப் பேருக்குக் கதைசொல்லும் சிகிச்சை, மீதிப் பேருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும், ஆளுக்கு ஆறு அமர்வுகள். செய்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் கூட்டத்தில் 81 சதவீதமும் மற்றதில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஆள் வந்தால்தான் குணம் என்பதில்லை. வாய் திறக்க விருப்பமில்லாதவருக்கும் தியானம், தளர்வுப் பயிற்சி என்று வழி இருக்கிறது.

கதைசொல்லும் சிகிச்சையிலும் ஒரு பதிவு உண்டு. நீங்கள் சொன்னதை அவர் எழுதுவார், அடுத்த அமர்வில் உங்களுக்கே வாசித்துக் காட்டுவார், பிழை இருந்தால் திருத்துவீர்கள். முடிவில் அந்தக் கடதாசியை உங்கள் கையில் தருவார்கள். அது உங்களுடையது. இந்த மண்ணில் இத்தனை பதிவுகள் நடந்தும், சொன்னவரிடமே திரும்பி வந்த பதிவு எத்தனை?

ஆகவே முதல் நாளே கேட்டுவிடுங்கள். நான் சொல்வதை எழுதுவீர்களா, யார் பார்ப்பார்கள், எப்போது மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டி வரும், ஒரு விசயத்தைப் பேச விருப்பமில்லை என்றால் விட்டுவிடுவீர்களா? நல்லவர் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பதில் சொல்வார். இரண்டு மூன்று அமர்வுக்குப் பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் வேறொருவரைக் கேட்பது நன்றிகெட்டதனம் அல்ல. பெண்ணிடம்தான் பேச முடியும் என்றால் அதையும் சொல்லுங்கள்.

வெளிநோயாளர் பிரிவில் வைத்தியர் "என்ன வருத்தம்?" என்று கேட்கும்போது முழுக் கதையையும் சொல்லத் தேவையில்லை. "கனகாலமா நித்திரை இல்லை டொக்டர், பழசெல்லாம் கண்ணுக்குள்ள வருது, உளநல கிளினிக்குக்கு ஒரு துண்டு தாங்கோ" என்றால் போதும்.