இவருக்குப் பதில் இவர்!
(மூன்றாமாண்டு, மெக்கானிக்கல்)



ஆண்டு மலர் என்றால் தன்னம்பிக்கை, கம்ப்யூட்டர், காதல் கவிதை என்றுதான் பக்கங்கள் நிறையும். நான் டி.வி. சீரியலைப் பற்றி எழுதப் போகிறேன். "அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்டா!" என்று பக்கத்தைத் திருப்பப் போகும் நண்பருக்கு முதலிலேயே ஒரு வார்த்தை. கிரிக்கெட் டீமில் இவனை எடுத்தது சரியா, அவனை உட்கார வைத்தது நியாயமா என்று நாம் கேன்டீனில் மணிக்கணக்கில் பேசுகிறோம் இல்லையா? 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லைக்கு யார் பொருத்தம், 'எதிர்நீச்சல்' குணசேகரனாக யார் நின்றார் என்று நம் வீட்டு அம்மாவும் அத்தையும் பேசுவதும் அதே பேச்சுதான். பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்குகிற இடத்திலும் அந்தப் பேச்சு நடக்கிறது. அதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சோப்புக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்?

இங்கிலீஷில் இதை 'சோப் ஆபெரா' என்கிறார்கள். 1930களில் அமெரிக்க ரேடியோவில் பகல் நேரத்தில் வீட்டிலிருக்கும் பெண்களுக்காகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நாடகம் போட்டார்கள். அதற்குப் பணம் கொடுத்தவை சோப்புக் கம்பெனிகள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. 'கைடிங் லைட்' என்ற தொடர் 1937ல் ரேடியோவில் ஆரம்பித்து, 1952ல் டி.வி.க்கு மாறி, 2009ல்தான் முடிந்தது. 72 வருஷம்! தாத்தா கேட்ட கதையைப் பேத்தி பார்த்திருக்கிறாள்.

நம் புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு வழியும் தெரியும். தொடர்கதையைப் பிரெஞ்சில் 'ஃபோய்த்தோன்' என்பார்கள். அலெக்சாந்தர் துய்மா எழுதிய மோந்தே கிறிஸ்தோ கதை 1844 முதல் 1846 வரை பத்திரிகையில் இப்படித் துண்டு துண்டாக வந்ததுதான். பாரீசில் சொந்தக்காரர் உள்ள சொல்தா வீடுகளில் கேட்டுப் பாருங்கள். 'தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்' என்ற அமெரிக்க சீரியலுக்கு 'லே ஃபெ த லமூர்' என்று பிரெஞ்சுப் பேர் வைத்து, 1989 முதல் டி.எஃப்.1 சேனலில் பகல் வேளையில் போட்டார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் டி.வி. முன்னால் உட்காருவது நம்ம தெருவுக்கு மட்டும் சொந்தமான பழக்கம் இல்லை.

நம்ம ஊர் கதை

இந்தியாவில் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது தூர்தர்ஷனின் 'ஹம் லோக்' (1984-85). தினமும் மதியத்தில் வந்த 'சாந்தி' 1994லும், 'ஸ்வாபிமான்' 1995லும் ஆரம்பித்தன. தமிழில் 1993 ஏப்ரல் 14ல் சன் டி.வி. வந்தது. கே. பாலசந்தர் 'ரயில் சிநேகம்', 'கையளவு மனசு' என்று சினிமாக்காரர்கள் சின்னத்திரைக்கு வரலாம் என்று காட்டினார். நாகா இயக்கிய 'மர்மதேசம்' நம் அண்ணன்மார்களைப் போர்வைக்குள் நடுங்க வைத்தது.

ஆனால் தெருவே காலியாகும் என்ற நிலை வந்தது 1999 டிசம்பரில், ராதிகாவின் 'சித்தி'யோடு. அது 2001 நவம்பர் வரை ஓடியது. அடுத்து திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி' (2002-2005) 800 எபிசோடுக்கு மேல். தேவயானி நடித்த 'கோலங்கள்' (2003-2009) 1500க்கு மேல். மதிய நேரத்து 'சந்திரலேகா' (2014-2022) 2300ஐயும் தாண்டியது.

நாம் டிப்ளமோ பசங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளம்பரம் போக ஒரு எபிசோடு 20 நிமிஷம் என்று வைத்துக்கொண்டால் 1500 எபிசோடு 500 மணி நேரம். இரண்டரை மணி நேர சினிமாவாகப் பார்த்தால் 200 படம்! இருநூறு படத்துக்கு ஒரே ஹீரோயின், ஒரே அப்பா, ஒரே மாமியார். மனுஷனுக்கு அதற்குள் கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும், உடம்பு கெடும், வேறு சான்ஸ் வரும். ஆள் மாறாமல் எப்படி இருக்கும்?

ஆள் மாறும் வழிகள்

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது. திரையில் ஒரு கார்டு: 'இவருக்குப் பதில் இவர்.' நேற்று ஒரு முகம், இன்று வேறு முகம். வீட்டில் உள்ள யாருமே ஆச்சரியப்பட மாட்டார்கள்! 2020ல் கொரோனாவுக்காக மார்ச் மாதம் ஷூட்டிங் நின்று, ஜூலையில் மறுபடி தொடங்கியபோது இந்தக் கார்டு நிறைய சீரியலில் வந்தது. பக்கத்து மாநிலத்திலிருந்து வர முடியாதவர்கள், வயதானவர்கள், பயந்தவர்கள் என்று பலர் விலகினார்கள். 'சித்தி 2'ல் பொன்வண்ணன் நடித்த பாத்திரத்துக்கு நிழல்கள் ரவி வந்தது அப்போதுதான்.

இரண்டாவது, காலத்தைத் தாவுவது. 'பத்து வருடங்களுக்குப் பிறகு' என்று போட்டால் சின்னப் பெண் பெரியவள் ஆகிவிடுவாள். ராஜ் டி.வி.யில் 'மண் வாசனை' என்று டப் ஆகி வந்த 'பாலிகா வது'வில் குட்டி ஆனந்தியாக அவிகா கோர். வளர்ந்த ஆனந்தியாகப் பிரத்யுஷா பானர்ஜி. 2013ல் அவருக்குப் பதில் தோரல் ரஸ்புத்ரா. முதல் மாற்றத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை, வயசு ஏறினால் முகம் மாறும். இரண்டாவதற்குத்தான் முணுமுணுப்பு.

மூன்றாவது, பாத்திரத்தையே சாகடிப்பது. இதில் ஆபத்து உண்டு. 2000ல் ஆரம்பித்த 'க்யோங்கி சாஸ் பி கபி பஹூ தி' இந்தி சீரியலில் மிஹிர் இறந்ததாகக் காட்டினார்கள். பார்த்த ஜனங்கள் கொதித்துப் போனார்கள். மிஹிர் உயிரோடு திரும்பி வந்தார்! அப்புறம் அமர் உபாத்யாய்க்குப் பதில் இந்தர் குமார், அவருக்குப் பதில் ரோனித் ராய். ஒரே மிஹிர், மூன்று முகம். அமெரிக்காவின் 'டல்லாஸ்' இதையும் மிஞ்சியது. 1985ல் செத்துப்போன பாபி 1986ல் குளியலறையில் நின்றார். நடுவில் ஒரு வருஷம் நடந்த கதையெல்லாம் அவர் மனைவி கண்ட கனவாம்! நம்மூரில் இப்படிச் செய்தால் ரிமோட் பறக்கும்.

நான்காவது, விதி செய்யும் மாற்றம். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் இறந்தார். அடுத்து காவ்யா அறிவுமணி, பின்பு லாவண்யா. 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரனாக வீட்டுக்கு வீடு மிரட்டிய மாரிமுத்து 2023 செப்டம்பர் 8ல் காலமானார். கொஞ்ச நாள் குணசேகரன் கண்ணில் படாமலே கதை நகர்ந்தது. பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

எது ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை?

இங்கேதான் ரசிகர்கள் ரெண்டு கட்சி. "பாத்திரம்தான் முக்கியம், யார் நடிச்சா என்ன?" என்பது ஒரு கட்சி. "அந்த முகம் போச்சுன்னா கதையே போச்சு" என்பது இன்னொரு கட்சி. என் அபிப்பிராயத்தை நம்ம பாஷையில் சொல்கிறேன்.

6204 நம்பர் பேரிங் எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் உள் விட்டம் 20, வெளி விட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். கழற்றிப் போட்டு மாற்றலாம், மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. முதல் கட்சிக்காரர்கள் நடிகரை இப்படிப் பார்க்கிறார்கள். ஆனால் பைக் செயின் அப்படி இல்லை. செயினும் ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்தே தேய்கின்றன. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புது செயினை மாட்டினால் பல் தாவும், சத்தம் வரும். அதனால்தான் மெக்கானிக் செட்டாக மாற்றச் சொல்கிறார்.

சீரியலில் நடிகர் செயின் என்றால், ஸ்ப்ராக்கெட் நாம்தான். தினமும் பார்த்துப் பார்த்து நம் மனசு அந்த முகத்துக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கிறது. மாமியார், நாத்தனார் மாதிரி ஓரமாக வருகிற பாத்திரத்தில் தேய்மானம் குறைவு, மாற்றினால் ஒரு வாரத்தில் பழகிவிடும். கதிர்-முல்லை மாதிரி ஜோடியில் ஒருவர் போனால் பல் தாவத்தான் செய்யும். புதிதாக வருபவர் நன்றாக நடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. அவர் தப்பே செய்யாமல் திட்டு வாங்குகிறார், அவ்வளவுதான்.

இதற்கு எதிர்க்கோடி ஒன்றும் உண்டு. 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரில் ஹெலன் வாக்னர் 1956ல் முதல் எபிசோடிலேயே நான்சியாக வந்தார். சிறு இடைவெளிகள் தவிர 2010ல் இறக்கும் வரை அவர்தான் நான்சி. அப்படி ஒருவருக்குப் பதில் யாரைப் போட முடியும்?

முகம் மாறினாலும் பாத்திரம் பிழைக்க ஒரு வழி இருக்கிறது. புதியவர் பழையவரைக் காப்பி அடிக்கக் கூடாது. 'சிந்து பைரவி' (1985) படத்தின் தொடர்ச்சியாகப் பாலசந்தர் 2003ல் ஜெயா டி.வி.யில் 'சஹானா' எடுத்தார். சிவகுமார் செய்த ஜே.கே.பி.யை ஒய்.ஜி. மகேந்திரன் செய்தார். சிவகுமாரை மனசில் வைத்திருந்தவர்களுக்கு அது வேறு ஆள், ஆனால் அதே கதையின் மிச்சம் என்று எடுத்துக்கொண்டு பார்க்க முடிந்தது.

பழைய கதை ஏன் மறப்பதில்லை?

ஆளைப் பற்றிய பேச்சு ஒரு பக்கம். பழைய கதையைப் பற்றிய பேச்சு அதைவிட ஆழமானது. 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு நிம்மதி இல்லாமல் அலையும் அப்பாவாக டெல்லி குமார். மாமியாரிடம் வதைபடும் சரோஜாவாகக் காயத்ரி, கணவன் மாணிக்கமாகச் சேத்தன். 2020 ஊரடங்கில் சன் டி.வி. அதை மறுபடி போட்டபோது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை சேர்ந்து பார்த்தது. "அவ அன்னைக்கே பொட்டியைத் தூக்கிட்டு வந்திருக்கணும்" என்றாள் சித்தி. "வந்தா அப்பன் தாங்குவானா? இன்னும் தங்கச்சிங்க இருக்கே" என்றார் பாட்டி. அம்மா ஒன்றும் பேசவில்லை. சரோஜாவைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் ஒவ்வொருவரும் தன் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. தன் மாமியாரைப் பற்றி வாசலில் நின்று சொல்ல முடியாத ஒருத்தி, சரோஜா மாமியாரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம்.

'ஹம் லோக்' காலத்திலேயே இது தெரிந்துவிட்டது. பாகவந்தி என்ற அம்மா எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வாள். 'இப்படி இருக்காதீர்கள்' என்று காட்டத்தான் அவளைப் படைத்தார்கள். ஆனால் பார்த்தவர்களில் பலர் "இவளல்லவா நல்ல மனைவி!" என்று கொண்டாடினார்கள். எழுதுபவர் நினைப்பது ஒன்று, பார்ப்பவர் எடுத்துக்கொள்வது வேறொன்று. அதனால்தான் இந்தப் பேச்சை அரட்டை என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை.

நமக்கு இதில் என்ன?

நண்பர்களே, கடைசியாக ஒன்று. டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் ஒரு வருஷ அப்ரண்டிஸ் போவோம். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி, பயிற்சி முடிந்தவனுக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. ஒரு வருஷம் கழித்து அதே மெஷின் முன்னால் அடுத்த பேட்ச் பையன் நிற்பான். மெஷின் ஓடும். ஷிப்டு நடக்கும். அங்கே 'இவருக்குப் பதில் இவர்' என்று கார்டு கூடப் போட மாட்டார்கள். நாம் 6204 பேரிங்கா, தேய்ந்து பழகிய செயினா என்பதை அந்த ஒரு வருஷத்துக்குள் நாம் செய்யும் வேலைதான் கொஞ்சமாவது தீர்மானிக்கும். மீதியைச் சட்டமும் சங்கமும் தீர்மானிக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் நாம் கேலி செய்யும் அந்த ஒரு வரிக் கார்டில் ஒரு மரியாதை இருக்கிறது. இந்த இடத்தில் இதற்கு முன் ஒருவர் இருந்தார், உழைத்தார் என்று அது ஊரறியச் சொல்கிறது. புதிதாக வருபவரையும் பேர் சொல்லி உள்ளே கூப்பிடுகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த லீவில் வீட்டில் உட்கார்ந்து, "அம்மா, சித்தியில அப்புறம் என்னாச்சு?" என்று கேளுங்கள். அன்றைய சீரியல் எல்லாமே முழுசாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பல கதைகள் இன்று நம் அம்மாக்களின் ஞாபகத்தில்தான் பத்திரமாக இருக்கின்றன. அந்த ஞாபகத்துக்குப் பதிலாகப் போட வேறு ஆள் கிடையாது. அவர்கள் சொல்லும்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.